ஓராண்டுத் தண்ணீர்

பெலோட்டாஸில் இனிப்புக் கடை இல்லாத தெரு இல்லை.
முட்டைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்து காயும் வாசம்
கல்லூரியின் மூன்றாம் மாடி வரை ஏறி வரும்.
சொத்தைப் பல்லுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.
சோதனைக்கு மட்டும் மாட்டுப்பல்.
வியாழன்தோறும் கசாப்புக் கூடத்திலிருந்து
ஒரு வாளி வருகிறது,
எல்லாம் கீழ்த்தாடைப் பற்கள்,
மேலே மாட்டுக்கு முன்பல் கிடையாது.
புல்லின் கறை இன்னும் போகவில்லை.

என் வேலை ஒட்டுவது.
மறுநாள் பிய்ப்பது.

எனாமலைத் தேய்த்து எடுத்தால் மஞ்சளாக டென்டின்.
அமிலம், பதினைந்து விநாடி. கழுவல்.
சங்கடம் அதற்கப்புறம்தான்:
காய விட்டால் உள்ளிருக்கும் இழைகள்
கயிறறுந்த கூடாரமாய்ப் படுத்துவிடும்.
தண்ணீர் தேங்கினால் பசை மிதக்கும்.
"மினுங்கணும், வழியக் கூடாது"
என்பார் பேராசிரியர் எலியேசர்.
அவருக்கென்ன,
இந்த ஊரில் சுவரே வியர்க்கிறது.

தூரிகை நுனியில் ஒரு சொட்டு.
ஊதல். நீல வெளிச்சம்.
மேலே பல்நிறப் பூச்சு.
பிறகு தீக்குச்சியை விட மெலிதாக அறுத்து
இயந்திரத்தில் மாட்டி இழுத்தால்
டக்.
நாற்பத்தொன்று.
டக்.
முப்பத்தெட்டு.
அட்டவணை எண்ணை வைத்துக்கொள்கிறது,
டக் எனக்கு.

கம்பெனிக்காரர் கொண்டுவந்த வழவழப்புத் தாளில்
ஒரு நாள் கழித்து எடுத்த எண்
சுவரொட்டி அளவுக்கு இருந்தது.
மீதிக் குச்சிகளை நான் தண்ணீரில் போட்டு
மூடியில் தேதி எழுதி வைத்திருந்தேன்.
ஓராண்டு கழித்து எடுத்தேன்.
இருபத்திரண்டு.
டக் கூட இல்லை,
ஈரக் காகிதம் கிழிவது போல ஏதோ.

அந்த ஏப்ரலில் விரல்நுனி வெடித்தது.
கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல்.
பாத்திரச் சோப்பைத் திட்டினேன்.
பனிக்காலத்தைத் திட்டினேன்.
குப்பியைப் பிடிக்கும் விரல்கள் அவைதான் என்று
ஏனோ தோன்றவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் மாத்தே சுற்றி வந்தது.
சூடான சுரைக்குடுக்கையை
இரு மணிக்கட்டுக்கும் நடுவில் வாங்கினேன்.
வால்டோயிர் சிரித்தான்,
பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தான்.

டாக்டர் நொயேமியா என் முதுகில்
கட்டம் கட்டமாய் ஒட்டினாள்.
இரண்டு நாள் குளிக்காதே என்றாள்.
நானே ஒரு சோதனைப் பல்.
பிய்த்தபோது ஒன்பதாம் கட்டம் சிவந்து தடித்திருந்தது.
ஹெமா.
அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர் போல.
"கையுறை போட்டிருந்தேனே?"
"சில நிமிஷம்தான் தாங்கும். நீ எத்தனை நிமிஷம் போட்டிருப்பாய்?"
காலை முழுக்க, ஒரே ஜோடி.

ஈரத்தை விரும்பும் பொருள் அது.
ஈரமான பல்லுக்குள் நுழையத்தான்
அதைச் சேர்த்தார்கள்.
நுழைந்து, இறுகி,
பிறகும் பழக்கம் விடாமல் தண்ணீரை உறிஞ்சி
உள்ளுக்குள் இளகுகிறது.
பல் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

நோயாளிகளுக்கு?
ஒழுங்காக இறுகிவிட்டால் அரிது என்றாள்.
அரிது என்பதற்கு எங்கள் அட்டவணையில் கட்டமில்லை.
எலியேசரிடம் கேட்டேன்,
கை என்று ஒரு கட்டம் போடலாமா?
அது வேறு ஆய்வு என்றார்.
மறுநாள் அவர் காசில் இடுக்கி வாங்கி வந்தார்,
எதுவும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது தைனாரா ஒட்டுகிறாள், நான் இழுக்கிறேன்.
அவள் கையுறை மாற்றும்போதெல்லாம்
பென்சிலால் ஒரு கோடு.
எரிச்சலாகப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

ஹெமா இல்லாத புதுக் குப்பி வந்திருக்கிறது.
முதல் நாள் முப்பத்துமூன்று.
நுண்ணோக்கியில் பசைக்குள் குட்டிக் குட்டித் துளிகள்.
அதற்கும் தண்ணீரோடு ஏதோ வழக்கு.
நல்லதா என்று எலியேசர் கேட்கிறார்,
கம்பெனிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

பாதிக் குச்சிகளைத் தண்ணீரில் போட்டேன்.
விரலில் சுற்றிய பிளாஸ்திரியோடு
மூடியில் எழுதினேன்: மார்ச் பத்தொன்பது.
அடுத்த மார்ச் பத்தொன்பது வரைக்கும்
என்னிடம் யாரும் எண் கேட்க வேண்டாம்.