ஆரம்ப சூரத்தனம்

ரியோனி ஆற்றின் மேல் பிப்ரவரிப் பனி.
கையுறையைக்கூடக் கழற்றாமல்
என் மேசையில் வைத்தான் ஸ்வியாத்,
தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி.
"கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது."

உள்ளே ஒரு கல்யாணம் இருக்கிறதாம்.
மூன்று கேமரா, ஒன்பது மணி நேரம்.

போன வசந்தத்தில் இதே பெயரில் ஒன்று வாங்கினான்,
அது குதிரை.
அதை நம்பி இது.
அதே அட்டைப்பெட்டி, அதே நீல எழுத்து,
விலை மட்டும் கொஞ்சம் இறக்கம்.
நகலெடுக்கும்போது முதல் பத்து நிமிடம் பறந்தது என்கிறான்.
பாதிரியார் முடிசூட்டும் இடம் வந்ததும்
நொண்டத் தொடங்கியது.
விடியும்வரை சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து
'முடிந்தது' என்று வந்ததும்
கேமரா அட்டைகளைத் துடைத்தெடுத்துக்கொண்டு
அடுத்த கல்யாணத்துக்கு பஸ் ஏறியிருக்கிறான்.

நான் திட்டவில்லை.
திருகுகளைக் கழற்றினேன்.

பழைய வட்டு என்றால் சாகும்முன் முனகும்,
பக்கத்துக் கடைக்கே கேட்கும்.
இது மூச்சுக் காட்டாமல் போயிருக்கிறது.

ஒட்டுத்தாளை உரித்தால்
அதே பெயருக்கு அடியில் வேறு சில்லு.
போன வருஷம் ஓர் அறைக்கு மூன்று பேர் குடி,
இதில் நான்கு.
இருக்கிற கொஞ்ச மின்னூட்டத்தைப்
பதினாறாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், பாவம்,
எது எட்டு, எது ஒன்பது என்று.
முன்னால் மட்டும் விசாலமான முற்றம்.
அது நிறையும்வரை
வருகிறவர்களெல்லாம் ஓடியே வரலாம்.

சூடாக்கி, ஆறவைத்து,
இரண்டு வாரம் கெஞ்சினேன்.
கிடைத்தது பதினொரு நிமிடம்.

மணமகள் இல்லை.
முடி இல்லை.
தமாதா கோப்பையை உயர்த்தவேயில்லை.
நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போடுகிறார்கள்.
ஒரு பையன் மைக்கில் ஊதிப் பார்க்கிறான்.
மாக்வாலா அத்தை தட்டுகளை எண்ணுகிறாள்,
நாற்பதுக்கிட்டே தப்புகிறது,
மறுபடி ஒன்றிலிருந்து.

தம்பதி வந்து, கோட்டோடு நின்றபடியே பார்த்தார்கள்.
மாப்பிள்ளை பேசவில்லை.
இரண்டாம் முறை ஓடவிட்டபோது அவள் சிரித்துவிட்டாள்.
"அத்தை எண்ணி முடித்தாளா?"

தெரியாது.
முப்பத்தேழில் நிற்கிறது.

இன்னொரு பிரதி வேண்டும் என்றார்கள்.
அலமாரியைத் திறந்தேன்.
நீல எழுத்தில் புதுசு இரண்டு இருந்தன.
எதில் போட்டுத் தரட்டும் என்று கேட்டேன்.

ஸ்வியாத் ஜன்னலைப் பார்த்தான்.