ஆறாவது ஆணி

விடியலிலிருந்து நடந்துகொண்டே சண்டை.
நடுவில் வண்டிகள், பெண்கள், பிள்ளைகள், அடுப்புக்கல்;
சுற்றிலும் குதிரைகள், வேலியைப் போல.
அறுந்த இடத்தில் வேலி தன்னைத்தானே முடைந்துகொண்டது.
முடையும்போதெல்லாம் சிறுத்தது.

நான் வாளெடுத்தவன் அல்லன்.
லாடம் அடிப்பவன், பெயர் ஜவந்தா.
இடுப்பில் சுத்தியல், வாயில் ஆறு ஆணி.
ஓடுகிற படையில் நிற்கிற குதிரையைத்
தேடுவதுதான் என் பிழைப்பு.

குப்பிலிருந்து எத்தனை கோசம் வந்தோமோ.
பூத்த கடுகு வயல் ஒன்றைக் கடந்தோம்;
கடந்தபின் அது வயல் இல்லை.
ஒட்டக முதுகிலிருந்து சிறு பீரங்கி இருமும்போதெல்லாம்
பாக்பரி தன் கைக்குழந்தையின் காதைப் பொத்தினாள்.
பிற்பகலில் பொத்துவதை நிறுத்திவிட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

குத்பாவுக்கும் பஹ்மணிக்கும் நடுவே ஒரு குளம்.

எவரும் கட்டளையிடவில்லை.
முதலில் குதிரைகள் திரும்பின,
கடிவாளம் பிடித்த கைகள் பின்னால் போயின.
கிழக்குக் கரையில் நாங்கள்.
மேற்கில், கந்தஹாரிலிருந்து வந்தவர்கள்.
எங்களில் ஒருவன் தோள் புண்ணைக் கழுவினான்.
அந்த நீர் அக்கரை சேருமுன்
அங்கொருவன் குனிந்து குடித்தான்.
அத்தனை தொண்டைகள் ஒன்றாய் விழுங்கும் ஓசை
எதைப் போலவும் இல்லை.

குடிப்பதற்காக ஆணிகளை உள்ளங்கையில் துப்பியிருந்தேன்.

முகம் பார்த்துப் பழக்கமில்லை எனக்கு.
குளம் ஒடுங்கும் தென்மூலையில்
அக்கரைச் சேற்றைப் பார்த்தேன்.
அவர்கள் லாடம் முழுத் தகடு, நடுவில் ஒரு துளை.
எங்களுடையது பிறை.
தகடுகள் மிதித்த சேற்றில்
ஒரே ஒரு பிறை.
மேலே பார்த்தேன்: இடது பின்னங்கால்,
வெளியோரம் மூன்று ஆணி, உள்ளே இரண்டு.
உள்ளே மூன்றாவது அடிக்கக் கூடாது,
அங்கே குளம்பு மெலிது.
அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

மோர்னி.
போன அறுவடையில் சத்லஜ் துறையில் பறிபோன
செம்பழுப்புப் பெட்டை.
இன்று அவள் மேல் மீசை முளைக்காத ஒருவன்.
பாயந்தா, என்று யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

லாடம் தளர்ந்திருந்தது.
இன்னும் ஒரு பாய்ச்சல், கழன்றுவிடும்.
அவள் விழுவாள். அவனும்.
எனக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

என் இடது காலைத் தூக்கி
உள்ளங்காலைத் தட்டிக் காட்டினேன்.
வசவென்று நினைத்துத் துப்பினான்.
மறுபடி தட்டினேன்.
இறங்கினான், குளம்பைத் தூக்கினான்,
விரலால் ஆட்டிப் பார்த்தான்.
ஆடியது.
பிறகு என்னைப் பார்த்தான்,
வெகுநேரம், அல்லது ஒரு மிடறு நேரம்.

அவனிடம் ஓர் ஆணியை எறிந்தேன் என்று சொல்லமாட்டேன்.
எறியவில்லை என்று சத்தியமும் செய்யமாட்டேன்.
ஒட்டகம் இருமியது.
குளம் காலியானது,
அதாவது, எழ முடிந்தவர்கள் எழுந்தார்கள்.

பர்னாலா வழியில் இருட்டு.
வண்டியச்சுகளுக்கு நெய்யில்லை, கிறீச்சிட்டன.
பாக்பரி இன்னும் எதையோ சுமந்து நடந்தாள்.
வாய்க்குள் நாக்கால் எண்ணினேன்:
ஐந்து.

அப்போது பின்னால் ஒற்றைக் குதிரை.
ஆள் இருக்கிறானா இல்லையா, தெரியவில்லை.
இருந்தால் தனியாக வருகிறானா,
அவனுக்குப் பின்னால் யார், அதுவும் தெரியவில்லை.
கேட்டது குளம்பொலி மட்டும்.
மூன்று தட்டும் ஒரு வழுக்கலும் வருமென்று காத்திருந்தேன்.
நான்கு தட்டும் சீராக வந்தன.

நல்ல வேலை, என்றது காது.
கை சுத்தியலைத் தேடியது.