ஆறு உதைத்த பெனால்டி

முதல் டிவிஷனுக்குப் போட்டோ எடுக்க ஆள் வருவார்.
இரண்டாம் டிவிஷனுக்கு வெள்ளாடுகள் வரும்,
கார்னர் கொடியைத் தின்றுவிட்டுப் போகும்.

வாரத்தில் ஆறு நாள் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர்,
சாக்கடையில் கொசுப்புழு தேடுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை நடுவர்.
படி இரண்டு ரூபாய், பஸ் சார்ஜ், ஒரு கோலி சோடா.
தோற்ற ஊர்க்காரர்கள்
என் தாயாரைப் பற்றிச் சொல்வதெல்லாம் இனாம்.

தாளடி அறுத்து வயல் வெடித்தால் லீக் தொடங்கும்.
ஆற்றில் தண்ணீர் வருமுன் முடிய வேண்டும்,
நாற்று விட்டபின் தடுப்பாட்டத்துக்கு ஆள் கிடைக்காது.

அறுபத்தொன்றில் எட்டு அணிகள்.
வலங்கைமானிடம் இருந்தது ஒரே பந்து,
பந்துக்குச் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு
பந்தோடு பம்பாய் போய்விட்டார். ஆக, ஏழு.
மாயவரம் ஜங்ஷன் ரயில்வே
எந்த ஆட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை.
கூத்தாநல்லூர் கிரசென்ட்டுக்கு
மலாயாவிலிருந்து வந்த பூட்ஸ் ஏழு ஜோடி,
மீதி நால்வர் வெறுங்கால்.
இடைவேளையில் வரப்பில் உட்கார்ந்து
மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.
பாபநாசம் ரைஸ் மில்காரர்கள்
தலைமுட்டினால் தவிடு பறக்கும்.
அவர்களின் இடது ஓரத்தில் ஒருவன்,
பெயரே குஞ்சிதபாதம்.
அவன் காலைத் தூக்கினால்
எதிரணிக்காரனும் ஒரு கணம் நின்று பார்ப்பான்.

கடைசி ஆட்டத்துக்கு முன்
மில்லுக்கும் கிரசென்ட்டுக்கும் ஆளுக்குப் பதினேழு புள்ளி,
கோல் சராசரியில் கிரசென்ட் ஒரு மயிரிழை முன்னால்.
கும்பகோணத்து மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம்.
அரசலாற்று மணலில் கம்பு நட்டோம்.
‘கல்லணை திறந்து ரெண்டு நாள்தான் ஆச்சு,
இங்க வர நாளை மத்தியானம் ஆகும், ஆடுங்க’
என்றார் லஸ்கர் சிவக்கொழுந்து.

மணலில் பந்து துள்ளாது. செத்த கோழி மாதிரி விழும்.
கோல் இல்லை, கோல் இல்லை,
முடிய நான்கு நிமிடம்.
குஞ்சிதபாதம் அடித்தது ஜெகபர் அலியின்
கையில் பட்டதா மார்பில் பட்டதா,
மேல்காற்று, என் கண் நிறைய மணல்.
விசில் வாயில் இருந்தது.
மூச்சு விட்டேன், சத்தம் வந்தது.

ஜெகபர் அலி சண்டைக்கு வரவில்லை.
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான், அவ்வளவுதான்.

பன்னிரண்டு தப்படி எண்ணிப் பந்தை வைத்தேன்.
பாலத்தின் மேல் பிள்ளைகள் கத்தினார்கள்.
பெனால்டிக்கு என்றுதான் நினைத்தேன்.
திருப்பத்தில் நுரை தெரிந்தது.
வைக்கோல், தென்னை மட்டை,
உருண்டையாய் ஒட்டிய எறும்புகள்,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
பூனை போல் மெல்ல மெல்ல வந்தது.

குத்தகைக்கு ஆறு மா உழுகிற குஞ்சிதபாதம்
பந்துக்கு முதுகு காட்டினான்.
இரண்டு அணியும் குனிந்து அள்ளிக்
கண்ணில் ஒற்றிக்கொண்டது.

கோலில் நின்றது ஹபீப் மட்டும்.
நான் இன்னும் ஊதவில்லையே.
நீர் கணுக்காலைத் தாண்டியதும்
அவசரமாய் பூட்ஸைக் கழற்றித்
தலைக்குமேல் தூக்கிக்கொண்டான், இரவல் பூட்ஸ்.
அப்போதுதான் பந்து அசைந்தது.
ஒருமுறை சுழன்று, யோசித்து,
அவன் கால்களுக்கு நடுவே போயிற்று.

விதிப்புத்தகத்தை அன்றிரவு இரண்டு தடவை படித்தேன்.
ஆறு உதைத்தால் என்ன செய்வதென்று இல்லை.
‘தண்ணீர் வரத்தால் கைவிடப்பட்டது’
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பெனால்டி சரிதானா என்று
செயலாளர் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.
மறுஆட்டம் நடக்கவே இல்லை. கோப்பை
யாரோ ஒருவரின் பீரோ மேல் இருக்கிறதாம்.

அந்த ஐப்பசியில்
காலரா ஊசி போடக் கூத்தாநல்லூருக்கு அனுப்பினார்கள்.
பள்ளிவாசல் தெருவில் நீள வரிசை.
ஸ்பிரிட் பஞ்சோடு தலை நிமிர்ந்தேன், ஜெகபர் அலி.
சட்டைக் கையை மடித்தபடி
மிக மரியாதையாகக் கேட்டான்:
‘எந்தக் கை, சார்?’