ஐந்து செக்கன்

முதல் அட்டையில் பனிக்கட்டி வீடு.
அதை நான் முதல் வருடமே எடுத்துவிட்டேன்.
நீர்நாய், அஸ்பரகஸ், முடிச்சுப்போட்ட பிஸ்கட்
ஒவ்வொன்றாய்க் கழன்று
அவற்றின் இடத்தில்
மூக்குப்பேணி, உடும்பு, பனங்கிழங்கு.
வரைந்து தந்தவர் கந்தர்மடத்தில் பெயர்ப்பலகை எழுதுபவர்.
உடும்புக்கு மட்டும் கொஞ்சம் முதலைச் சாயல்.

சிற்சபேசன், ஐம்பத்தெட்டு வயது.
பருத்தித்துறை பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கொண்டக்டர்.
இடது நெற்றிப்பொட்டுக்குள்
ஸ்கானில் ஒரு சாம்பல் திட்டு,
புளியங்கொட்டை அளவு.

மூக்குப்பேணியைப் பார்க்கிறார்.
கைக்குத் தெரிகிறது:
அண்ணாந்து, உதட்டில் படாமல்
காற்றைக் குடித்துக் காட்டுகிறார்.
சொல் வரவில்லை.
தாளில் பூச்சியம்.

"எவ்விடம் நீங்கள்?"
சோதனையில் இல்லாத கேள்வி,
அடுத்த அட்டையைத் தேடிக்கொண்டே சும்மா கேட்டது.
வாய் கோணுகிறது. விரல்கள்
இல்லாத காசுப்பையைக் கிலுக்குகின்றன.
பிறகு, கதவில் தொங்குகிற குரலில்:
யாழ்ப்பாணம்
முத்திரைச்சந்தி
கல்வியங்காடு
இருபாலை
கோப்பாய்
நீர்வேலி.
நின்றுவிட்டார்.
இறங்கிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒன்பது செக்கன்.
அடுத்த கிழமையும் கேட்டேன்,
பஸ் நிலையத்திலிருந்துதான் வெளிக்கிட்டார்.
இடையில் ஏற முடியாது அவருக்கு.
இருபாலையில் மறித்து
"நீர்வேலியோ?" என்றால்
தலையை ஆட்டிவிட்டு
மறுபடியும் யாழ்ப்பாணம்.

சூமில் நிமலேந்திரன் சேர்:
"ஐந்து செக்கன் தாண்டினால் பிழை.
மனப்பாடம் வேறை, பெயர் சொல்லுறது வேறை.
பதினேழாவது ஆளை எடுத்துவிடும்."
அவர் சொல்வது சரி.
நானே எழுதியிருக்கிறேன் இரண்டாம் அதிகாரத்தில்:
கிழமைகளைச் சொல்லும் நோயாளி,
தேவாரம் பிசகாத தபாலதிபர்.
ஆனால்
ஞாயிறில் தொடங்கியவர் சனியில்தான் ஓய்ந்தார்.
வேண்டிய இடத்தில் நின்றவர் என்று
எனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை.

பதினேழாம் வரியை மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன்.
அழிக்கவில்லை. அதற்கொரு பெயரும் வைக்கவில்லை.

வெள்ளி பின்னேரம் அதே பஸ்.
புதுக் கொண்டக்டர் பொடியன், காதில் பாட்டு,
ஊர் கூவுவதில்லை.
நீர்வேலிச் சந்தியில் எட்டிப் பார்க்கிறேன்,
எது அவருடைய ஒழுங்கை என்று. மழை.
"அக்கா, எங்கை இறக்கம்?"
தெரிந்த பெயர். பிறந்த ஊர்.
நாக்கின் நுனிவரை வந்து
குடை விரிக்க முடியாமல் நிற்கிறது.

"சிறுப்பிட்டியோ, புத்தூரோ, வல்லையோ?"

"ஓம், ரெண்டாவது" என்றேன்.

மிச்சம் பத்து ரூபாய் இன்னும் தரவில்லை.