மூன்று சூரியன்கள்

நிறத்தைக் கழற்றினேன்.
வெள்ளவத்தையில் எதையும் இழக்காதது
மின்கம்பியில் இருந்த காகம் மட்டும்.

காலிமுகத்திடல் கடலை
ஓரம் பிசிறாமல் வெட்டி
இரண்டாம் குறுக்குத் தெருவில் விரித்தேன்.
புடவைக் கடைகளில் முழங்காலளவு தண்ணீர்.
நாட்டாமிகள் மூட்டையோடு அலைமேல் நடக்கிறார்கள்,
அவர்களுக்கு அது புதிதில்லைப் போல.

மருதானை ரயிலை
எங்கள் மாடிப்படியில் ஏற்றினேன்.
நாலாம் மாடி வரை வந்து
செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது.

எல்லாம் பொருந்திற்று,
வெளிச்சத்தைத் தவிர.
கடலுக்கு மாலை நாலரை.
தெருவுக்கு நண்பகல்.
ரயிலுக்கு என் போனின் ஃபிளாஷ்.
மூன்று சூரியன்களை ஒரு வானத்தில்
சமாதானப்படுத்த
சாமம் இரண்டாயிற்று.

இடைஞ்சலாய் நின்ற ஒரு ஆளை
லேயரோடு அழித்திருந்தேன்.
முகம் பார்க்கவில்லை.

காலையில் ஃபஸ்மியா
திரையைப் பெரிதாக்கினாள்.
"இது ஆருட நிழல்?"

தண்ணீரின் மேல்
குட்டையான நண்பகல் நிழல்,
கையில் ஏதோ காகிதத்தோடு.

அழிப்பானை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.
பிறகு, கம்பியிலிருந்து காகத்தை வெட்டி
அதன் தோளில் இருத்தினேன்.

காகத்துக்கு
நிழல் வைக்கவில்லை.