வேர் இல்லாத வரி

முதல் நாள் கற்றது செலக்ட்.
பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேல்மாடி,
கீழே காற்றடிக்கும் மோட்டார் நிற்கும்போது மட்டும்
பாடம் காதில் விழும்.
கேட்டதைக் காட்டும், எதையும் தொடாது, என்றார்கள்.
அங்கேயே நின்றிருக்கலாம்.

பாதிப் படிப்பில் வேலை கிடைத்தது,
காளவாசலில், வண்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி.
உசிலம்பட்டிக் கிளையில் மட்டும்
நாற்பத்தொரு ஒச்சம்மாள்.
மூன்று பேருக்குக் கணவர் பெயரும் ஒன்று.
ஒருத்தி கட்டிய தவணை இன்னொருத்தி கணக்கில் ஏறி
இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று
பெயரை நம்புவதை விட்டேன்.
முதன்மைச் சாவி எதற்கென்று
அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்கவில்லை.

நல் என்றால் பூஜ்யம் இல்லை. வெற்றிடமும் இல்லை.
தெரியாது, அவ்வளவுதான்.
தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால்
அதுவும் தெரியாது என்கிறது.
தகப்பன் பெயர்க் கட்டத்தில்
பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்த விண்ணப்பத்தை
சாயங்காலம் வரை கையில் வைத்திருந்தேன்.

இடது ஜாயின் பிடித்துப்போனது.
ஒரு தவணைகூடக் கட்டாதவனையும்
பட்டியலிலிருந்து தள்ளாது;
மொய் எழுதாதவனுக்கும் இலை போட்ட மாதிரி.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
வாடிப்பட்டிக்காரர் ஒருவர் கடனை முடித்துவிட்டார்,
அவர் பாக்கியைப் பூஜ்யமாக்க வேண்டும்.
அப்டேட் எழுதினேன்.
வேர் எழுதவில்லை.
ஆங்கிலத்தில் அதற்கு எங்கே என்று பொருளாம்,
எனக்கு என்றைக்கும் அது மரத்தின் வேர்தான்.
14,206 வரிகள் மாறின, என்றது திரை.

பிகின் போட்டிருந்தேன். கமிட் ஆகவில்லை.
ஆகவே என் திரையில் மட்டும்
மேலூருக்குக் கடனில்லை
செக்கானூரணிக்குக் கடனில்லை
நாற்பத்தொரு ஒச்சம்மாளுக்கும் கடனில்லை.
வாடிக்கையாளர் 7714, கறுப்பு வண்டி, பாக்கி பூஜ்யம்.
அவன் என் தம்பி.
அந்நேரம் சிம்மக்கல் சிக்னலில்
யாருடைய பிரியாணியையோ முதுகில் சுமந்து நின்றிருப்பான்,
பழைய கடனாளியாகவே.

கமிட்டுக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்து,
ரோல்பேக்குக்கு எட்டு.
எதில் வேலை குறைவு என்று கை பார்த்தது.

போன் அடித்தது. உசிலம்பட்டி தவசி.
"அக்கா, ரசீது விழ மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு.
ஆளுக வெயில்ல நிக்கிறாக."
பூட்டு என்னுடையது. சொல்லவில்லை.
நூறும் ஐந்நூறுமாய் ரப்பர் பேண்டில் சுற்றி
அவர்கள் கட்டக் காத்திருந்த கடனை
நான் இங்கே அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு நிமிடம்.

எட்டு எழுத்தையும் அடித்தேன்.
"இப்பப் போகுதுக்கா" என்றான் தவசி.

இப்போது நான்தான் அட்மின்.
நாற்பது நிமிடம் ஓடிய அறிக்கை
ஒரு இண்டெக்ஸ் போட்டதும் மூன்று நொடியில் வருகிறது,
முதலாளி அதை மாயம் என்கிறார், சம்பளம் ஏற்றவில்லை.
கிளைகளில் யாருக்கும் பாக்கியை மாற்ற உரிமை இல்லை.
எனக்கும் இல்லை;
தேவைப்பட்டால் என்னிடமே எழுதிக் கேட்டு
நானே அனுமதித்துக்கொள்கிறேன்.
இரவு இரண்டு மணிக்கு பேக்கப்.
மாதம் ஒருமுறை அதை வேறொரு மெஷினில் மீட்டுப் பார்ப்பேன்,
பருத்திப்பால் வண்டி தெருவைக் கடக்கும் நேரம்.
எடுத்தேன் என்பது போதாது, எழுந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எந்தப் பதிவிலும் இல்லை.
திரும்பப் பெற்றது நடந்ததாகாது, அதுதான் விதி.
ஆனாலும் சம்பள நாளில்
வசூல் பட்டியல் கீழிறங்கும்போது
அந்தக் கட்டங்களில் பூஜ்யம் இருந்த ஞாபகம்
விரலுக்கு வருகிறது.

போன வாரம் தம்பி கடைசித் தவணை கட்டினான்.
அப்டேட் எழுதி, வேர் எழுதி,
7714 என்பதை மூன்று தரம் படித்து,
அடித்தேன்.

ஒரு வரி மாறியது.