கவர்

முக்கூடல் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு,
மூன்றாவது பீம்.
போன வாரம் பெஞ்சில் ஒரு சில்லு விழுந்ததாம்.

ஏணியை நான் பிடித்திருந்தேன்.
ஜெபக்கனி மேடம் கையகலம் கொத்தி, தூசி ஊதி
மருந்தைப் பீய்ச்சினாள்.
நல்ல காங்கிரீட் என்றால் ரோஸ் ஆகும்.
ஆகவில்லை.
கம்பியைத் தாண்டி, அதற்கும் ஒரு விரற்கடை உள்ளே போய்த்தான்
மெலிசாக ஒரு ரோஸ் கோடு.

"காத்துதான் அண்ணாச்சி.
நாம விடுத மூச்சே போதும்,
கொஞ்சங்கொஞ்சமா சுண்ணாம்பு செத்துரும்.
பொறவு கம்பிக்குக் காவல் கெடையாது."

முப்பத்தாறு வருஷம்
ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு என்று
பிள்ளைகள் விட்ட மூச்சு
ஓசையில்லாமல் மேலேறியிருக்கிறது.
துரு, தின்ற இரும்பைவிடப் பருமன்.
இடம் பற்றாமல் நெட்டி
பீமின் அடிவயிற்றைப் பிளந்துவிட்டது.

நோட்டைத் திறந்தபடி கேட்டாள்:
"கவர் எவ்வளவு குடுத்திருந்தாவ?"

அந்தப் பங்குனியில் கம்பி கட்டியது நான்.
பலகைக்கும் கம்பிக்கும் நடுவே
கட்டை வைக்க நேரமில்லை என்றார் காண்ட்ராக்டர்.
சனிக்கிழமை ஓவர்சியர் வந்தார்,
டீ குடித்தார்,
அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் கேட்டது மில்லிமீட்டர்.
எனக்கு ஞாபகம் வந்தது
பழுப்பு நிறம், ஒட்டாத வாய்.